மட்டக்களப்பு கல்லடியில் ஏசி பகலில் குளிரவில்லை, கேஸ் இரண்டு முறை அடித்தாயிற்று. வேறு என்ன பார்க்கலாம்?

கல்லடி வாசி:
வணக்கம். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை முந்நூறு மீட்டர்கூட இராது. 12,000 பீடியூ (ஒரு டன்) இன்வெர்ட்டர் ஏசி, உள்ளே ஓடும் கேஸ் R32, வாங்கி நாலு வருடம். அம்மாவின் அறையில் பூட்டியிருக்கிறது. அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, மேலே கூரைச் சீற், அதற்குக் கீழே சீலிங். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. இந்த முறை கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து பகல் பதினொரு மணிக்குப் பிறகு காற்று வருகிறது, குளிர் வரவில்லை. 18-இல் வைத்தாலும் அம்மா விசிறியைக் கையில் எடுத்துவிடுகிறா. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அதே ஏசி போர்வை தேட வைக்கிறது!

ஏசி திருத்துகிற ஒரு பாஸ் வந்து பார்த்துவிட்டு "கேஸ் குறைஞ்சிட்டு" என்று அடித்தார். ஒரு கிழமை பரவாயில்லை போலிருந்தது, பிறகு பழைய கதைதான். திரும்ப வந்து இன்னும் கொஞ்சம் அடித்தார். அதற்குப் பிறகு முன்னையைவிட மோசம். இப்போது கம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்கிறார். அவர் சொன்ன காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புது ஏசியே வாங்கலாம். ஃபில்டர் கழுவியாயிற்று. வோல்டேஜ் பகலில் 224, இரவில் 218. என்ன செய்யலாம்?

வெயிலான்:
சீற் வீட்டுக்கு ஒரு டன் காணாது. ஒன்றரை டன் போடுங்க.

கல்லடி வாசி:
மூன்று வருடம் காணுமாக இருந்ததே அண்ணன்?

காத்தான்குடி நானா:
தம்பி, கம்ப்ரஸரை இப்போதைக்கு விடுங்க. செத்த கம்ப்ரஸர் இரவில் மட்டும் உயிர்த்தெழாது. நான் இருபது வருடமாக இந்தத் தொழில்தான் செய்கிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன்: கேஸ் பெற்றோல் இல்லை, ஓட ஓடத் தீராது. உண்மையில் குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு இருக்க வேண்டும். அந்த ஆள் மூட்டுகளில் சவர்க்கார நுரை வைத்துப் பார்த்தாரா? தராசு வைத்து அடித்தாரா, அழுத்தம் காட்டும் மீட்டர் முள்ளைப் பார்த்து அடித்தாரா? இன்வெர்ட்டரில் கம்ப்ரஸரின் வேகம் கூடிக் குறையும், முள்ளும் அதோடு ஆடும். அதைப் பார்த்து அளவு சொல்வது குறி சொல்வது மாதிரி.

இரண்டு வேலை செய்யுங்க. ஒரு தேர்மாமீற்றரை ஏசி காற்றை இழுக்கும் மேல் பக்கத்திலும் குளிர் வரும் வாயிலும் பத்துப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்க. நல்ல ஏசியில் இரண்டுக்கும் எட்டிலிருந்து பன்னிரண்டு பாகையாவது வித்தியாசம் இருக்கும். அப்புறம் வெளிப்பெட்டியைப் படம் எடுத்துப் போடுங்க, கிட்டவாக ஒன்று, தூரத்திலிருந்து ஒன்று.

கல்லடி வாசி:
மீன்தொட்டி தேர்மாமீற்றர்தான் கிடைத்தது. பகல் ஒரு மணிக்கு மேல் பக்கத்தில் 31, வாயில் 25. இரவு இரண்டு மணிக்கு 26, 13. நுரையும் இல்லை, தராசும் இல்லை, முள்தான் பார்த்தார். படங்கள் போட்டிருக்கிறேன்.

காத்தான்குடி நானா:
இரவில் 13 பாகை வித்தியாசம் காட்டுகிற மெஷின் இது! படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, குறை நினைக்காதீங்க. பெட்டி மேற்குச் சுவரில் இருக்கிறது. முன்னால் இரண்டடியில் மதில். மேலே தகரப் பத்தி, சாய்ப்பாக இறக்கியிருக்கிறது. அந்தப் பத்தி எப்போது இறக்கினது?

கல்லடி வாசி:
போன மாரியில். மோட்டார் சைக்கிள் நனைகிறது என்று.

காத்தான்குடி நானா:
அதுதான் விஷயம். பத்திக்கு இது முதல் கச்சான். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை தம்பி, அறையின் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்ட இடம் இல்லாவிட்டால் அள்ளவும் முடியாது. உங்கள் பெட்டி துப்பும் சூடு மதிலில் பட்டு, தகரத்தில் முட்டி, திரும்பப் பின்பக்கத்தால் அதற்குள்ளேயே போகிறது. போதாததற்குக் கச்சான் மேற்கிலிருந்து, மதிலுக்கும் தகரத்துக்கும் இடையால் விசிறியின் முகத்துக்கு நேரே அடிக்கிறது. இரவில் காற்று ஓய்ந்து தகரமும் ஆறியபின் பெட்டிக்கு மூச்சு வருகிறது.

நம்பாவிட்டால் அதே தேர்மாமீற்றரை வெளிப்பெட்டியின் பின்னால், அது காற்று இழுக்கும் இடத்தில் வையுங்க. வளவுக்குள் மர நிழலில் ஒரு முறை வையுங்க. இரண்டையும் சொல்லுங்க.

இன்னொன்று, முதல் கேஸ் அடித்த கிழமை மழை கிழை பெய்ததா?

கல்லடி வாசி:
நிழலில் 36. பெட்டிக்குப் பின்னால் 47!! தேர்மாமீற்றர் 50 வரைதான் காட்டும், உடைந்துவிடுமோ என்று எடுத்துவிட்டேன்.

மழை... ஆமாம் நானா. அந்தக் கிழமை இரண்டு பின்னேரம் இடியோடு பெய்தது. அப்போ குளிர்ந்தது மழையால், கேஸால் இல்லை. ஐயோ.

சுவிஸ் ஆரையம்பதியான்:
நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். இங்கே இதே மெஷினைத் திருப்பி ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குகிறோம், ஹீட் பம்ப் என்று. போன தை மாதம் வீடு 17 பாகைக்கு மேல் ஏறவில்லை. வெளிப்பெட்டி அசிங்கமாக இருக்கிறது என்று மனைவி சொல்ல, சுற்றி மரச்சட்டம் அடித்திருந்தேன். அது துப்பிய குளிர்காற்றையே திரும்ப இழுத்து உறைபனி பிடித்து, அந்தப் பனியை உருக்கவே பாதி நேரம் போயிற்று. சட்டத்தைக் கழற்றினேன், வீடு 21-க்கு வந்தது. அதற்கு முன்னால் நானும் கேஸ் அடிக்க ஆள் கூப்பிட்டவன்தான்.

காத்தான்குடி நானா:
பாருங்க, அங்கே பனி, இங்கே வெக்கை, நோய் ஒன்றுதான்.

தம்பி, தகரத்தில் பெட்டிக்கு மேலே உள்ள இரண்டு சீற்றை மட்டும் கழற்றி ஒரு நாள் பாருங்க. செலவு இல்லை. பிறகு பிரேக்கரை இறக்கிவிட்டுப் பெட்டியின் பின்பக்கத் தகடுகளை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்க. படத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. வாகனம் கழுவும் பிரஷர் பைப்பைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், அலுமினியத் தகடு வாழை இலை மாதிரி மடிந்துவிடும். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் மாதம் ஒரு தடவை கழுவத்தான் வேண்டும்.

கேஸ் கூடிப்போயிருக்கும் என்பது என் சந்தேகம். கூடினாலும் குளிராது, அழுத்தம் ஏறி இன்வெர்ட்டர் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துவிடும். தராசு வைத்திருக்கிற ஆளைப் பிடித்து, முழுவதையும் சிலிண்டருக்குள் இழுத்து எடுத்து, மூட்டுகளையும் சோதித்து, குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி வாக்கியூம் பண்ணி, பெட்டியில் ஒட்டியிருக்கிற கிராம் கணக்குக்கு அடிக்கச் சொல்லுங்க. R32 கொஞ்சம் பற்றக்கூடிய கேஸ். வேலை நடக்கும்போது பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம்.

கல்லடி வாசி (ஐந்து நாள் கழித்து):
அறிக்கை. சீற் இரண்டும் கழற்றினேன். கழுவும்போது வந்த தண்ணீர் முதலில் மண் கலர், பிறகு பால் மாதிரி. கீழ் மூலையில் தகடு தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. மற்ற இடம் நல்லம். பெட்டிக்குப் பின்னால் 47 இருந்த இடத்தில் இப்போது 38. அறைக்குள் 29, வாயில் 20.

நேற்று வேறொருவர் தராசோடு வந்தார். பெட்டியில் எழுதியிருப்பது 640 கிராம். வெளியே எடுத்தது 830! நுரை வைத்துப் பார்த்தார், ஒழுக்கு இல்லை. அளவாக அடித்தபின் இன்று பகல் ஒரு மணிக்கு மேல் பக்கத்தில் 28, வாயில் 16. அம்மா விசிறியை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டா.

ஒரு பிரச்சினை மட்டும் மிச்சம். மோட்டார் சைக்கிளை எங்கே விடுவது?

காத்தான்குடி நானா:
கிழக்குப் பக்கம் இறக்குங்க பத்தியை. மாரிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வெயிலான்:
கிழக்கே கடல் உப்பு, சைக்கிள் துருப்பிடிக்கும்.