குறைத்துச் சாப்பிட்டும் எடை நின்றுவிட்டது, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஏழு வாரமாக நாளுக்கு 900 கலோரிக்கு மேல் நான் சாப்பிடுவதில்லை. முதல் மூன்று வாரத்தில் 5 கிலோ குறைந்தது. அதன்பிறகு எடைக்கருவியின் முள் அசையவே இல்லை. தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி வருகிறது. மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறது. மற்றவர்களுக்கு வியர்க்கும் அறையில் எனக்கு மட்டும் குளிர்கிறது. பயமாக இருக்கிறது.

தேடிப் படித்ததில், 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் நடத்திய பட்டினி ஆய்வு கண்ணில் பட்டது. 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு. எடை குறையத்தான் செய்தது. ஆனால் தசையும் சேர்ந்து கரைந்தது, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலும் வெகுவாகச் சரிந்தது. பட்டினி எடைக் குறைப்பை அடியோடு நிறுத்துவதில்லை, ஆரோக்கியத்தைத்தான் கெடுக்கிறது என்றே எனக்குப் படுகிறது. அப்படியானால் என் முள் ஏன் நிற்கிறது? உடலில் நீர் தங்குகிறதா, கணக்கில் நான் தவறுகிறேனா?

1,400 கலோரிக்கு உயர்த்தி, புரதத்தையும் கூட்ட நினைக்கிறேன். ஒரேயடியாக உயர்த்தலாமா, வாரம் நூறு நூறாகவா? இதிலிருந்து மீண்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.