வளவு வாடகை, அட்வான்ஸ், ஒத்தி: நெல்லைப் பக்கம் நாம் பட்டதும் பார்த்ததும்

டவுன் வளவுக்காரன்:

வாடகை வீட்டு விஷயத்தில் அவரவர் பட்டதை இங்கே எழுதுங்கள். குடியிருந்தவர்களும் எழுதுங்கள், குடிவைத்தவர்களும் எழுதுங்கள். முதலில் எங்கள் கதை.

டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு முடுக்கில் எங்களுக்கு வளவு உண்டு. நடுவில் முற்றமும் கிணறும். இரண்டு பக்கமும் தார்சா, பட்டாசல் என்கிற கூடம், அடுக்களை என்று வரிசையாகச் சிறு வீடுகள். தாத்தா காலத்தில் குடிவந்த ஒரு குடும்பம் அப்பா காலத்திலும் இருந்தது. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர், ரொம்ப மரியாதையான மனுஷர். வாடகையை ஒரு மாசம்கூடத் தவறவிட்டதில்லை, ஆனால் உயர்த்திக் கேட்டால் மட்டும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

அப்போது இருந்தது 1960-ஆம் வருஷத்துக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வேண்டுமென்றே பாக்கி வைத்தால், உள்வாடகைக்கு விட்டால், உரிமையாளருக்கே வீடு தேவைப்பட்டால் என்று அது சொல்லும் காரணம் ஏதாவது இருந்தால்தான் காலி பண்ணச் சொல்ல முடியும். வாடகையை உயர்த்துவதற்கும் முன்சீப் கோர்ட்டில் நியாய வாடகை மனுதான் போட வேண்டும். மனை மதிப்பையும் கட்டடச் செலவையும் கூட்டி, குடியிருப்பாக இருந்தால் அதில் வருஷத்துக்கு 9 சதவீதம், கடையாக இருந்தால் 12 சதவீதம் என்பது கணக்கு. அப்பா மனு போட்டார். எங்கள் தரப்பு இன்ஜினீயர் தேக்கு உத்தரத்தை எண்ணி மதிப்பை ஏற்றினார். அவர்கள் தரப்பு இன்ஜினீயர் சுண்ணாம்புச் சுவரின் வயசைச் சொல்லித் தேய்மானம் கழித்தார். தீர்ப்பு, சப் கோர்ட்டில் அப்பீல், ஐகோர்ட் மதுரைக் கிளையில் சீராய்வு என்று வழக்கு நடக்க நடக்க இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் எங்கள் ஆச்சியும் அவர் வீட்டு அம்மாவும் ஒரே கிணற்றடியில்தான் தண்ணீர் இறைத்தார்கள்.

அவர் இருந்தவரை அந்தச் சட்டம் அவரைக் காத்தது சரி என்றே நினைக்கிறேன். ஜவுளிக் கடைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவரைத் திடீரென்று கிளம்பச் சொன்னால் எங்கே போவார்? அவர் காலமான பிறகு மகன் பெருமாள்புரத்தில் சொந்த வீடு கட்டிப் போய்விட்டு, எங்கள் வீட்டைப் பூட்டியே வைத்திருந்தார். இது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. நாலு மாசம் தொடர்ந்து குடியில்லாமல் கிடந்தால் அதுவும் அந்தச் சட்டத்தில் ஒரு காரணம். அதை வைத்துத்தான் சாவி கைக்கு வந்தது. அதற்குள் ஓடு சரிந்து பட்டாசல் நனைந்துவிட்டது.

பாளை டீச்சர்:

அண்ணாச்சி, நீங்க சொன்னது பழைய சட்டம். நான் புதுச் சட்டத்துல பட்டதைச் சொல்லுதேன். 2017-ல இயற்றி, 2019 பிப்ரவரி 22-ல நடைமுறைக்கு வந்த சட்டம் அது. ஸ்கூல் வேலைக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்தப்போ மாடிப் போர்ஷன் பிடிச்சோம். அட்வான்ஸ் பத்து மாச வாடகை. மூணு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கேன்னு கேட்டேன். வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னாதான் அந்த வரம்பாம். அதாவது நாம கையெழுத்துப் போட்டுட்டா பத்து மாசமும் செல்லும். ஜூன்ல ஸ்கூல் திறக்கப் போகுது, பெட்டி படுக்கையோட நிக்கிற ஆளு கையெழுத்துப் போடாம என்ன செய்யும்? சட்டத்துல எனக்குப் பெரிய மனக்குறை இதுதான். முந்தி இருந்த நியாய வாடகையும் இதுல கிடையாது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதுதான் வாடகை.

காலி பண்ணும்போது வெள்ளையடிக்க, பைப் மாத்த, வயரிங் பார்க்கன்னு அட்வான்ஸ்ல பெரிய தொகையைக் கழிச்சாவ. நான் சண்டை போடலை. சட்டத்தோட பின்னிணைப்பைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாத்துறது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரங்க பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இதெல்லாம் குடியிருக்கிறவங்க பொறுப்பு. நான் உடைச்ச ரெண்டு கண்ணாடிக்கும் காசு கொடுத்தேன்.

அந்த வீட்டு ஐயா ரிட்டயர் ஆனவரு. படிச்சுப் பார்த்துட்டு, "நீங்க சொல்லுதது சரிதான்மா. ஆனா அந்தப் பணம் மக கல்யாணத்துல செலவாயிட்டே"ன்னாரு. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கணும்னு இருக்கு. ரெண்டு தவணையா வாங்கிக்கிட்டேன். அவருக்கு அந்த மாடி வாடகைதான் மருந்து மாத்திரைச் செலவு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு நெருக்க மனசு வரலை. ஒண்ணு சொல்லுதேன், அட்வான்ஸ் மூணு மாசத்தோட நின்னிருந்தா அவருக்கும் இந்தத் திண்டாட்டம் வந்திருக்காது.

கொக்கிரகுளம்:

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஆறு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நாங்கள் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம், வீட்டுக்காரர் சென்னையில். பீரோ, பிரிட்ஜ், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் சேறு. வயரிங்கை அவர் மாற்றிக் கொடுத்தார், சுவிட்சுகளை நாங்கள் போட்டுக்கொண்டோம். வீட்டைக் கழுவிக் குடியேறும்வரை வாடகை வேண்டாம் என்று அவராகவே சொன்னார். எங்கள் அக்ரிமெண்டில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அவர் நல்லவராக இருந்ததால் பிழைத்தோம். அதே தெருவில் ஒருவர், இடுப்பளவு தண்ணீர் நின்ற மாசத்துக்கும் முழு வாடகை கேட்டு வாங்கியிருக்கிறார். ஆற்றங்கரைப் பக்கம் வீடு எடுப்பவர்கள் வெள்ளத்துக்கென்று தனியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

தச்சநல்லூர் அக்கா:

நம்ம பக்கத்துல வாடகையைவிட ஒத்திதானே பெரிசு? மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டா மாச வாடகை கிடையாது, காலி பண்ணும்போது பணம் திரும்பக் கைக்கு வரும்னு எல்லாரும் ஆசைப்படுதாவ. என் தங்கச்சியும் நகையை வித்து ஒத்திக்குப் போனா. இருபது ரூபாய் பத்திரத்துல எழுதிக் கையெழுத்து வாங்கினதோட சரி, பதிவு பண்ணலை. ஒருநாள் கதவுல பேங்க் நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. வீட்டு மேல முன்னாலேயே கடன் இருந்திருக்கு.

ஒத்திங்கிறது சட்டப்படி அடமானம். நூறு ரூபாய்க்கு மேல போனாலே பதிவு பண்ணணும். பதிவில்லாத தாளைக் காட்டி பேங்குகிட்ட என்ன பேச முடியும்? வீட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாத் தந்துக்கிட்டு இருக்காரு, இன்னும் பாக்கி நிக்குது. ஒத்திக்குப் போறவங்க வில்லங்கம் போட்டு, வீட்டு மேல அடமானம் ஏதும் பதிவாகியிருக்கான்னு பாருங்க. பதிவுத்துறை வெப்சைட்டுல காசில்லாமலே பார்க்கலாம். அதோட மூலப்பத்திரத்தைக் கண்ணால பார்க்கணும்னு கேளுங்க. ஜெராக்ஸை மட்டும் காட்டினா அந்த வீடு வேண்டாம்னு வந்துருங்க.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா:

நான் இரண்டு தரப்பு வழக்குக் கட்டுகளையும் சுமந்தவன். ஆர்.சி.ஓ.பி. காலத்தில், அதாவது பழைய சட்டப்படி வாடகை மனு போட்ட காலத்தில், வீட்டுக்காரர்கள் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். இப்போது குடியிருப்பவர்கள் அழுகிறார்கள். பழைய சட்டம் வாடகையைக் கட்டிப்போட்டது. புதியது அதை முழுக்க அவிழ்த்துவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் இப்போது எல்லாம். அதனால்தான் எதை எழுதுகிறோம் என்று பார்க்கச் சொல்கிறேன்.

பதினொரு மாச அக்ரிமெண்ட் போதும், பதிவு தேவையில்லை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் அந்தச் சட்டப்படி பதிய வேண்டும். 2017-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பதினொரு மாசமாக இருந்தாலும் வாடகை அதிகாரியிடம் பதிந்தே ஆக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் போடவில்லை என்பதே காலி பண்ணச் சொல்ல ஒரு காரணம், இரண்டு மாச வாடகை பாக்கியும் அப்படித்தான். ஆகவே வீட்டுக்காரர் இழுத்தடித்தாலும் குடியிருப்பவர் விடாமல் கேட்டு எழுத வைக்க வேண்டும்.

வளவுகளில் மோட்டார் சுவிட்ச் வீட்டுக்காரர் கையில் இருக்கும். சண்டை வந்தால் முதலில் நிற்பது தண்ணீர். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த அவருக்கு உரிமை கிடையாது. வாடகை பாக்கி இருந்தாலும் கிடையாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம்.

வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றலாம் என்பதை எண்ணாகவே எழுதிக்கொள்ளுங்கள். "அவ்வப்போது பேசி முடிவு செய்யப்படும்" என்று டைப் அடித்து வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாடகையை பேங்க் வழியாகக் கொடுங்கள், ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். தச்சநல்லூர் அக்கா, உங்கள் தங்கச்சி பணம் கொடுத்ததற்கு பேங்க் பாஸ்புக்கில் பதிவு இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கத்தையும் இருபது ரூபாய் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு சீக்கிரம் ஒரு வக்கீலைப் பாருங்கள். பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருஷக் கெடு உண்டு, எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று அவர் சொல்லுவார்.