சிங்கிள்கட்டுக்கு செட் நெக்கா, போல்ட் ஆனா? கூடவே பைண்டிங் சந்தேகம்

ஆறுகம்பி
வணக்கம் மக்களே. ரெண்டாவது கிட்டார் பண்றேன். கிப்சன் லெஸ் பால் எலக்ட்ரிக் கிட்டார் மாதிரி சிங்கிள்கட் (ஒரு பக்கம் மட்டும் வெட்டு வச்ச பாடி), 24.75 இஞ்ச் ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்), மகாகனி பாடி, மகாகனி நெக் (கை புடிக்கிற நீளப் பாகம்), மேல மேப்பிள் டாப், ஃப்ரெட்போர்டுக்கு (விரல் வைக்கிற பலகை) ஈட்டி. முதல்ல பண்ணது ஃபெண்டர் டெலி மாதிரி, போல்ட் ஆன், அதாவது நெக்க நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்கி முடிச்சாச்சு, ஒரு தொல்லையும் இல்ல. இதுக்கு செட் நெக் (நெக்க பாடியோட பசையில ஒட்டுறது) போட ஆசை, ஆனா ஒட்டுனதுக்கு அப்புறம் நெக் பின்பக்கம் சாயுற கோணம் தப்பிட்டா என்ன பண்றதுன்னு நெனச்சா தூக்கமே வரல. க்ரீம் கலர் பைண்டிங் (ஓரத்துல ஒட்டுற ப்ளாஸ்டிக் பட்டை) வேற பாடி, ஃப்ரெட்போர்டு ரெண்டுக்கும் வேணும். செட் நெக்னா சஸ்டெய்ன் (சத்தம் நின்னு ஒலிக்கிற நேரம்) ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்களே, நெசமா?

டெலிதாசன்
போல்ட் ஆன் போடுங்க ப்ரோ, தூக்கம் வரும். லியோ ஃபெண்டர் அடிப்படையில ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்த ஆளு, கெட்டுப்போனா கழட்டி மாட்டணும்ங்கிற புத்தி அவருக்கு ரத்தத்துலயே இருந்துச்சு, அதான் 1950ல நெக்க ஸ்க்ரூ போட்டு மாட்டி வித்தார். சஸ்டெய்ன்லாம் கட்டுக்கதை. பாடி மேல கம்பிய தாங்குற பிரிட்ஜ், தலைப்பக்கம் தாங்குற நட், விரல் பலகையில பதிச்ச ஃப்ரெட் மூணும் ஒழுங்கா உக்காந்திருந்தா எந்த ஜாயின்ட்டும் பாடும். மரம் நீளமா ஒரே துண்டா ஓடுனாதான் சத்தம் நிக்கும்னா எல்லாரும் 1957 ரிக்கன்பேக்கர் 4000 பாஸ் மாதிரி, 1963 கிப்சன் ஃபயர்பேர்ட் மாதிரி நெக் த்ரூவுக்கே போயிருக்கணுமே, ஏன் போகல?

மரத்தூள்
தம்பி ஆறுகம்பி, அவரு சொல்றத பாதி கேளு. சஸ்டெய்ன் விஷயத்துல அவரு சொல்றது சரிதான், நானும் அத நம்புறதில்ல. ஆனா செட் நெக் போடுறது சஸ்டெய்னுக்காக இல்ல, கைக்காக. 16வது ஃப்ரெட்ட தாண்டி கை போறப்ப நடுவுல ஒரு இரும்பு பிளேட்டும் கட்டையான ஹீலும் (நெக் பாடியில சேர்ற அடிப்பகுதி) இடிக்குதா இல்ல வழவழன்னு போகுதா, அதான் கேள்வி. ஒட்டுன நெக்குல ஹீல எவ்வளவு வேணா செதுக்கலாம். இன்னொன்னு, உன் நெக்கு மகாகனி. மேப்பிள்ல ஸ்க்ரூ கடிக்கிற மாதிரி மகாகனில கடிக்காது, நாலஞ்சு தடவ கழட்டி மாட்டினா ஓட்டை இளகிடும்.

டெலிதாசன்
அண்ணே, அதுக்குதான் த்ரெட் இன்செர்ட் இருக்கு. நெக்குல பித்தளை இன்செர்ட் எறக்கி மெஷின் ஸ்க்ரூ போட்டா நூறு தடவ கழட்டலாம். நெறைய பேர் பண்ற தப்பு என்னன்னா பாடி ஓட்டையையும் ஸ்க்ரூ கடிக்கிற அளவுக்கே போட்டுடுவாங்க. பாடில ஸ்க்ரூ லூசா வழுக்கிட்டு போகணும், நெக்குல மட்டும்தான் கடிக்கணும். ரெண்டுலயும் கடிச்சா எவ்வளவு முறுக்கினாலும் நடுவுல ஒரு பேப்பர் கனத்துக்கு இடைவெளி நின்னுடும், அப்புறம் வந்து போல்ட் ஆன் டல்லா இருக்குன்னு இங்க புலம்புவாங்க.

கோணத்துக்கு வர்றேன். கிப்சனே 1952ல முதல் லெஸ் பால் விட்டப்ப நெக் கோணம் பத்தாம கம்பிய பிரிட்ஜ் பாருக்கு அடியில சுத்திதான் விட வேண்டியிருந்துச்சு. ஃபேக்டரிக்கே சறுக்கும்போது மொட்டமாடில ரூட்டர் வச்சிக்கிட்டு நாம எம்மாத்திரம்?

மரத்தூள்
சறுக்குனவங்க அடுத்த வருஷமே திருத்திக்கிட்டாங்கல்ல, அதையும் சொல்லணும்.

இழைப்புளி
ரெண்டு பேரும் வரலாறு பேசிட்டே இருக்கீங்க, பையன் கேட்டது கணக்கு. பாரு தம்பி, உன் ஸ்கேலுக்கு, நெக் பாடியில சேர்ற 16வது ஃப்ரெட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஏறக்குறைய 250 மி.மீ. வரும். கோணம் அரை டிகிரி தப்பினா பிரிட்ஜ் கிட்ட 2 மி.மீ.க்கு மேல ஏறும் எறங்கும், ஒரு டிகிரினா 4 மி.மீ.க்கு மேல. ரெண்டு போஸ்ட் மேல நிக்கிற ட்யூனோமேட்டிக் பிரிட்ஜ அவ்வளவுக்கு ஏத்தி எறக்கினா பாக்கவும் நல்லா இருக்காது, போஸ்டும் ஆடும். அதனால நெக் உக்கார்ற குழி, அதாவது பாக்கெட், வெட்டுறதுக்கு முன்னாடியே ஃப்ரெட்போர்டு மேல நீளமான ரூலர வச்சு, ஃப்ரெட் உயரத்தையும் சேத்து, பிரிட்ஜ் எங்க எவ்வளவு உயரம் வரணும்னு பக்கவாட்டு படம் ஒன்னு ஒன்னுக்கு ஒன்னு அளவுல போட்டுக்கோ. பொதுவா 4 டிகிரி பக்கம் வரும், ஆனா உன் டாப் வளைவு எப்படியோ அதப் பொறுத்தது, யாரோ சொன்ன நம்பர அப்படியே எடுக்காத.

டெலிதாசன்
அதையேதான் நானும் சொல்றேன் அக்கா! போல்ட் ஆன்ல பாக்கெட்டோட பிரிட்ஜ் பக்க ஓரத்துல அரை மி.மீ. ஷிம் (கனம் கூட்டுற தகடு) வச்சா பிரிட்ஜ் கிட்ட ஒன்றரை மி.மீ.க்கு மேல மாறிடும். பத்து நிமிஷ வேலை. செட் நெக்ல தப்பினா ஃப்ரெட்ட புடுங்கி, ஓட்டை போட்டு, ஸ்டீம் ஏத்தி, ஃபினிஷ் எல்லாம் வெளுத்து, கடைசியில அழுதுட்டு உக்காரணும்.

இழைப்புளி
ஷிம்முன்னு சொல்லி விசிட்டிங் கார்ட மடிச்சு ஒரு ஓரத்துல சொருகுறீங்களே, அடியில காத்து நிக்கிற எடத்துல ஸ்க்ரூ இழுத்து இழுத்து ஹீல் வளைஞ்சு கடைசி ஃப்ரெட்டெல்லாம் மேல தூக்கிக்கும். அப்படி தூக்குன நெக்கு மாசத்துக்கு ஒன்னாவது என் டேபிளுக்கு வருது. வைக்கணும்னா பாக்கெட் முழுசுக்கும் ஆப்பு மாதிரி சீவுன மரத்தகடு வையுங்க.

டெலிதாசன்
சரி, கார்ட் தப்புதான். ஒத்துக்குறேன்.

மரத்தூள்
பசை பத்தி யாரும் பேசலையே. நான் பல வருஷம் முன்னாடி ஒரு நெக்க நம்ம ஊர் ஃபர்னிச்சர் வெள்ளைப் பசையில ஒட்டினேன், மேஜை நாற்காலிக்கு அருமையான பசை, ஆனா அதுல ஒரு இழுவ இருக்கு. ரெண்டு கோடை வெயில்ல, அதுவும் பூட்டுன கார் பின் சீட்டுல கெடந்து, கம்பி இழுக்கிற இழுப்புல நெக் முன்னாடி நகந்து, ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கிற உயரம், அதாவது ஆக்‌ஷன் 1 மி.மீ. ஏறிடுச்சு. அதுல இருந்து ஒரிஜினல் டைட்பாண்ட் மரப்பசை இல்லன்னா தோல்ல காய்ச்சுற வஜ்ஜிரம்தான். பசை போட்டதும் கிளாம்ப் முறுக்குறப்ப நெக் வழுக்கும், அதனால லேசா தட்டுனாதான் உள்ள போற அளவுக்கு பாக்கெட் இறுக்கமா இருக்கணும். டெனன (பாக்கெட்டுக்குள்ள போற நெக்கோட நாக்கு) நீளமா, நெக் பிக்கப் குழி வரைக்கும் விடு. இடைவெளிய பசையால ரொப்பலாம்னு மட்டும் நெனக்காத.

ஆறுகம்பி
அண்ணே, அக்கா, டெலி ப்ரோ எல்லாருக்கும் நன்றி. பைண்டிங் எப்போ போடணும்?

இழைப்புளி
டாப் தட்டையா இருக்கும்போதே பைண்டிங் பள்ளம் வெட்டிடு. வளைவு செதுக்குனதுக்கு அப்புறம் ரூட்டர மேல வச்சா சாஞ்சுக்கும், பள்ளம் கோணலாத்தான் வரும். பைண்டிங் ஒட்டி, அப்புறம் நெக் பாக்கெட் வெட்டினா முனை தானா சுத்தமா நறுக்குப்படும். 1.5 மி.மீ. பட்டைன்னா பள்ளத்த ஒரு முடி குறைவா வெட்டு, பட்டை துருத்திக்கிட்டு நிக்கட்டும், சுரண்டி சமமாக்கலாம், பள்ளம் ஆழமா போயிட்டாதான் ஒன்னும் பண்ண முடியாது. கொம்பு முனையில மரத்தோட ரேகை எதிர்த்து நிக்கும், அங்க ஒரே இழுப்புல வெட்டினா பிச்சுக்கிட்டு வரும், கொஞ்சம் கொஞ்சமா சொரண்டுற மாதிரி எடு. ஒட்டுறதுக்கு ஏபிஎஸ் ப்ளாஸ்டிக் பட்டைன்னா வெட்டிப்போட்ட துண்டுகள அசிட்டோன்ல கரைச்சு கூழாக்கி தடவினா பட்டையும் பசையும் ஒன்னாயிடும், ஜன்னல் தெறந்து வச்சிக்கோ. கட்-அவே (பாடியில கை போக வெட்டுன எடம்) வளைவுக்கு பட்டைய வளைக்க ஹேர் ட்ரையர் போதும்.

மரத்தூள்
ஏபிஎஸ் ப்ளாஸ்டிக் டப்பா மாதிரி இருக்கும்மா. செல்லுலாய்டோட அந்த ஆழம் வருமா?

இழைப்புளி
ஆழம் வரும், நெருப்பும் வரும். பழைய டேபிள் டென்னிஸ் பந்தும் இந்த செல்லுலாய்டுதான், ஒன்ன கொளுத்திப் பாத்தவங்களுக்கு தெரியும், 2014ல இருந்து டேபிள் டென்னிஸ்காரங்களே வேற ப்ளாஸ்டிக்குக்கு மாறிட்டாங்க. அதுவும் இல்லாம செல்லுலாய்டு வருஷம் போகப்போக சுருங்கும், இடுப்பு வளைவுல பாடிய விட்டு வெளிய வரும், சிலது மக்கி கேஸ் விட்டு பக்கத்துல இருக்கிற ஸ்க்ரூ, ட்யூனர் எல்லாத்தையும் அரிச்சுடும். அழகுக்கு நான் எதிரி இல்லண்ணே, ரிப்பேருக்கு வர்றப்ப நாத்தம் புடிக்கிறது நாந்தானே.

டெலிதாசன்
பட்டையே எதுக்கு? பி.ஆர்.எஸ். கிட்டார் கம்பெனி பண்றாப்ல ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி நடுவுல மட்டும் ஸ்டெயின் அடிச்சா மேப்பிளே பைண்டிங் மாதிரி தெரியும். செலவு டேப் காசு.

மரத்தூள்
அது டேப்பு. பைண்டிங் இல்ல. ஃப்ரெட்போர்டுக்கு என்ன பண்ணுவே, அங்கயும் டேப் ஒட்டுவியா? தம்பி, ஃப்ரெட் அடிச்சுட்டு அப்புறம் பைண்டிங் ஒட்டி, ஒவ்வொரு ஃப்ரெட் முனையிலயும் பைண்டிங்லயே குட்டி மேடு, அதாவது நிப், விட்டு சுரண்டு. பழைய கிப்சன் அழகே அதான்.

இழைப்புளி
மழை, வெயில் ரெண்டும் பாத்ததும் நிப்புக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல முடி நுழையற விரிசல் விழும், ஈ (E) கம்பி அதுல போய் சிக்கும். ஃப்ரெட்ட மாத்தி ரீஃப்ரெட் பண்றப்ப நிப்ப எல்லாரும் அரத்தால தள்ளித்தான் விடுறாங்க. ஃப்ரெட்ட பைண்டிங் மேல ஏத்தி அடி தம்பி.

ஆறுகம்பி (9 நாள் கழிச்சு)
வேஸ்ட் மகாகனில மூணு பாக்கெட் வெட்டிப் பாத்தேன். ஒன்னு லூசு, ரெண்டாவது கோணம் 3.5 டிகிரிதான் வந்துச்சு, மூணாவது ஓகே. அதுக்கப்புறம்தான் நெஜ பாடியில வெட்டினேன். பசை, ஸ்க்ரூ எதுவும் இல்லாம நெக்க புடிச்சு தூக்கினேன், பாடி விழல! அம்மா பக்கத்துல தலகாணி புடிச்சிட்டு நின்னாங்க. நாளைக்கு டைட்பாண்ட். நிப் இல்லாம ஃப்ரெட்ட பைண்டிங் மேலயே ஏத்தப்போறேன், மரத்தூள் அண்ணன் மன்னிக்கணும்.

மரத்தூள்
நிப்புக்கு மன்னிப்பு கெடையாது. பசை போடுறதுக்கு முன்னாடி நடுக்கோட்ட நூல் கட்டிப் பாரு, ரெண்டு ஈ கம்பியும் ஓரத்துல சமமா போகுதான்னு.

டெலிதாசன்
நாலு ஸ்க்ரூவும் பிளேட்டும் என்கிட்ட சும்மாதான் கெடக்கு. இன்னிக்கு ராத்திரி வரைக்கும் டைம் இருக்கு, அட்ரஸ் அனுப்புங்க.