புதுப்பிப்பு: காரை விற்கவில்லை, திரும்பி வந்து ஓட்டியும் பார்த்துவிட்டேன்

வெளிநாட்டு வேலை முடியும்வரை காரை விற்பதா, நிறுத்திவைப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். நிறுத்திவைத்தேன். இப்போது திரும்பிவிட்டேன், கார் நன்றாக இருக்கிறது. ஆலோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அப்போது பெரிய விவாதமே, வாரம் ஒருமுறை யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லலாமா என்பதுதான். வேண்டாம் என்றவர்கள் பக்கம் போனேன், இன்றும் அதையே சொல்வேன். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் எஞ்சின் முழுதாகச் சூடாகாது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கிவிடும்; ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜும் பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாது. அதனால் கிளம்பும் முன் ஆயிலை மாற்றி, டேங்கை நிரப்பி ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் இருக்கச் சேர்க்கும் திரவம்) ஊற்றி, பேட்டரியைக் கழற்றித் தம்பி வீட்டில் மெயின்டெய்னர் சார்ஜரில் (சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சார்ஜர்) போட்டேன். வந்ததும் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். அவ்வளவு சந்தோஷம்!

பிரேக் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருந்தேன். எலிக்காக சைலன்சர் வாயில் கம்பி வலை. உறை காற்றுப் போகும் துணிதான். பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும்.

முதல் ஓட்டத்தில் பிரேக் கரகரவென்றது. டிஸ்க் மேல் செம்பழுப்பாகத் துரு. மெதுவாகச் சில முறை பிடித்ததும் பளபளவென்று வந்துவிட்டது. டயரில் லேசான அதிர்வு இருந்தது, சூடானதும் போய்விட்டது.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், அதை இந்த வாரம் மாற்றப் போகிறேன். அப்புறம், கூலன்ட்டையும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சேர்த்தே மாற்றிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.