சின்னம்மாவின் தழும்புக்கு வல்லாரைக் களிம்பு உதவுமா?

உறவுகளே, வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறோம். 2009இல் எறிகணைச் சிதறல் கிழித்த காயம் ஆறிய பிறகு, சின்னம்மாவின் தோளில் தழும்பு தடித்து, காயத்தின் எல்லையையும் தாண்டிப் பரந்துவிட்டது. வெயில் நாளில் சட்டைக் கரை உரசினால் போதும், சிவந்து கன்றி இரவிரவாகச் சொறிகிறார். கீலாய்ட் என்றார் வைத்தியர். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டால் தணியுமாம். சின்னம்மாவோ ஊசி என்றதும் பேச்சை மாற்றிவிடுகிறார்.

வல்லாரையின் ஏசியாட்டிகோசைட், வெங்காயத்தின் குவெர்செட்டின், மஞ்சளின் குர்குமின் ஆகிய வேதிப்பொருட்கள் அழற்சியையும், தழும்பைத் தடிக்க வைக்கும் கொலாஜன் என்ற புரதம் அளவுக்கு மீறிச் சேர்வதையும் குறைக்கக்கூடும் என்று வாசித்தேன். பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் உயிரணுக்களில் கண்டவைதான். ஆகவே குளக்கட்டு வல்லாரையை அரைத்துப் பூசச் சொல்லும் அயலவரின் யோசனைக்கு நான் உடன்படவில்லை. சம்பல் போடுவதென்றால் சரி.

வெங்காயச் சாறு சேர்ந்த ஜெல், தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் தகடு இவை கிளிநொச்சி அல்லது வவுனியா மருந்தகங்களில் கிடைக்கின்றனவா? பழைய தழும்பில் பூசி, யாருக்காவது அரிப்பாவது அடங்கியதா? ஊசி போட்டுக்கொண்டவர்கள் இருந்தால் வலியைப் பற்றி ஒளிக்காமல் எழுதுங்கள். சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.