‘தி ஸூனர், தி பெட்டர்’: இந்தத் ‘தி’க்கு என்ன பெயர் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஒப்பீட்டையும் நிபந்தனையையும் காட்டும் ஆங்கில வினையடைகளுக்கு (வினை முதலியவற்றை விளக்கும் சொற்களுக்கு) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில், ‘ஒப்பீட்டு வினையடை’, ‘நிபந்தனை வினையடை’ என்று இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன. முதல் பெயரில் எனக்கு மறுப்பு இல்லை. ‘ஃபாஸ்டர்’, ‘மோர் குயிக்லி’ போன்றவற்றுக்கு அது போதும். ஆங்கிலம் வினையடையின் உருவத்தை மாற்றுகிறது, அல்லது முன்னால் ‘மோர்’ வைக்கிறது. நாம் வினையடையைத் தொடுவதே இல்லை. ‘அவளைவிட வேகமாக’ என்று பெயர்ச்சொல்லின் பக்கம் வேலையை முடித்துவிடுகிறோம். இதைச் சொல்லிக்கொடுப்பது எளிது.

ஆனால் ஒப்பீட்டையும் நிபந்தனையையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுவிட்டால், நடுவில் நிற்கும் சொற்களை எங்கே வைப்பது? ‘தி ஸூனர், தி பெட்டர்’ என்பதை எடுத்துக்கொள்வோம். இந்த ‘தி’, ‘தி புக்’ என்பதில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘தி’ அல்ல. இங்கே அது வினையடை. பழைய ஆங்கிலத்தில் சுட்டுச்சொல்லுக்குக் கருவிப்பொருள் வேற்றுமை வடிவம் ஒன்று இருந்தது. ‘அதனால்’, ‘அந்த அளவால்’ என்று பொருள்படும். அதன் எச்சம்தான் இது. ‘நெவர்தலெஸ்’ என்ற சொல்லின் நடுவில் இருப்பதும் இதே ‘தி’தான். ஆக, ‘எந்த அளவால் விரைவோ, அந்த அளவால் நல்லது’ என்பதுதான் தொடரின் எலும்புக்கூடு. இரு பக்கமும் ஒப்பீட்டு வடிவங்கள் நிற்கின்றன. ஆனால் கேட்பவர் காதில் விழுவது ‘சீக்கிரம் செய்தால் நல்லது’ என்ற நிபந்தனை. எந்தப் பெட்டி?

இது ஏதோ ஒரு தொடரின் விநோதம் இல்லை. ஆங்கிலத்தில் ஒப்பீட்டுக்கு வரும் ‘தேன்’ (than), நிபந்தனையின் மறுபாதியில் ‘அப்படியானால்’ என்ற பொருளில் வரும் ‘தென்’ (then) இரண்டும் ஆதியில் ஒரே சொல். 1611இல் அச்சான ஆங்கில விவிலியத்தில் ‘மோர் தேன்’ என்று இன்று நாம் எழுதும் இடத்தில் ‘மோர் தென்’ என்றே இருக்கிறது. எழுத்துக்கூட்டல் பிரிந்து நிலைத்தது அதற்குப் பிறகுதான். ‘ஆஸ் லாங் ஆஸ்’ என்பதையும் பாருங்கள். ‘இந்தக் கயிறு அந்தக் கயிற்றளவு நீளம்’ என்று அளந்த அதே சொற்கள் காலத்தை அளக்கப் போய், ‘நீ கவனமாக இருக்கும்வரை ஆபத்தில்லை’ என்ற நிபந்தனையாகிவிட்டன. நம்முடைய ‘வரை’யும் அதே வழியில் வந்ததுதானே? எல்லையைக் குறித்த சொல், நிபந்தனையைக் குறிக்கிறது. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு ஒப்பு, எல்லை இரண்டையுமே பொருளாகச் சொல்வது இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

‘ஈவன் இஃப்’, ‘ஒன்லி இஃப்’ பற்றிக் கேட்டிருந்தார்கள். அவை வேறு வகை. அங்கே ‘ஈவன்’, ‘ஒன்லி’ என்ற வினையடைகள் முழு நிபந்தனைத் தொடருக்கும் அடையாக வருகின்றன. நமக்கு ‘வந்தாலும்’, ‘வந்தால்தான்’ என்று ஓர் ‘உம்’மும் ஒரு ‘தானு’ம் போதும். அவற்றுக்கு ‘நிபந்தனை வினையடை’ என்ற பெயரைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

சரி, நடுவில் நிற்பவற்றுக்கு வருவோம். முதலில் எனக்குத் தோன்றியது ‘அனைத்தடை’. ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்ற குறளில் ‘தொட்டனைத்து’ என்பது தோண்டிய அளவு. ‘கற்றனைத்து’ கற்ற அளவு. ‘எவ்வளவு தோண்டுகிறாயோ அவ்வளவு ஊறும்’ என்பதை இரண்டே சொல்லில் சொல்லிவிட்ட வடிவம் அது. ஆனால் இன்று ‘அனைத்து’ என்றால் ‘எல்லாம்’ என்றுதான் யாருக்கும் புரியும். மனமில்லாமல்தான் விட்டுவிட்டேன். அப்புறம் ‘உறழடை’. மிகுதி காட்டி ஒப்பிடுவதை உரைகாரர்கள் உறழ்பொரு என்பார்கள்; அழகான சொல், ஆனால் அதில் நிபந்தனையின் வாசனையே இல்லை.

என் முன்மொழிவு ‘அளவிணையடை’. அளவு, இணை, அடை. ஓர் அளவு இன்னோர் அளவோடு சோடியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அது நேராகச் சொல்கிறது. அந்தச் சோடி முழுவதையும் ‘அளவிணைத் தொடர்’ எனலாம். ‘எவ்வளவு... அவ்வளவு’ என்ற நம் தொடருக்கும் அதே பெயர் பொருந்தும். ‘படிக்கப் படிக்கப் புரியும்’ என்பது மட்டும் சோடி இல்லாமல், வினையை இரட்டித்தே அதே பொருளைத் தந்துவிடுகிறது. அதை இதில் சேர்க்க வேண்டியதில்லை.

‘இணை’ என்றதும் மாணவர்கள் இணைப்புச்சொல்லோடு குழப்பிக்கொள்வார்கள் என்று ஒரு தயக்கம் வரலாம். இணைப்பு ஒட்டுவது, இணை சோடி. ‘இணைகோடுகள்’ என்று கணக்கில் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு பழக்கமானதுதான். இரண்டு கோடுகளும் ஒட்டுவதில்லை, ஆனால் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதும் இல்லை.

ஓர் இடத்தில் உங்கள் கருத்து வேண்டும். ‘இல்லாவிட்டால்’ என்று பொருள்படும் ‘அன்லெஸ்’ இன்று வினையடை இல்லை, இணைப்புச்சொல். ஆனால் அதன் பழைய வடிவம் ‘ஆன் லெஸ் தேன்’. ‘இதைவிடக் குறைந்த நிபந்தனையில்’ என்பது போன்ற பொருள். ‘லெஸ்’ என்ற ஒப்பீடு அதற்குள் அப்படியே உறைந்து கிடக்கிறது. அதை அளவிணையில் சேர்ப்பதா, இன்றைய வேலையை மட்டும் பார்த்து வெளியே நிறுத்துவதா? வெளியே நிறுத்தலாம் என்பது என் எண்ணம்.