ஹெலிகாப்டர் விமானியாக விரும்புகிறேன், வழிகாட்டுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது, ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் அசையாமல் நின்று உணவுப் பொட்டலங்களை இறக்கியது. கொடியில் கிடந்த சேலையெல்லாம் காற்றில் பறக்க, நான் அந்த விமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எடுத்த முடிவு இன்றுவரை மாறவில்லை.

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்த எனக்கு இப்போது 20 வயது. விமானிகளுக்கான இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டேன். வானிலையியல் தேர்வுக்குப் படித்து வருகிறேன்.

வணிக விமானி உரிமத்துக்கு 150 மணி நேரம் பறந்தால் போதும் என்றாலும், அரபிக்கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய்த் தளங்களுக்கும் கேதார்நாத்துக்கும் பறக்கும் பணிகளில் நீண்ட அனுபவமுள்ள முன்னாள் ராணுவ விமானிகளே பெரிதும் அமர்த்தப்படுகிறார்கள். அந்த இடைவெளியைப் புதியவர்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்பதே என் முதன்மையான கேள்வி. அமெரிக்காவில் ராபின்சன் ஆர்44 என்ற சிறிய பிஸ்டன் இன்ஜின் ஹெலிகாப்டரில் பயின்று, பயிற்றுநராகவே மணிக்கணக்கைச் சேர்த்துத் திரும்பியவர்களுக்கு, இங்கு உரிமத்தை மாற்றிக்கொள்வதும் டர்பைன் ஹெலிகாப்டருக்கான தகுதி பெறுவதும் எவ்வளவு செலவு வைத்தன?

நிலத்தை அடகு வைக்க அப்பா தயாராக இருக்கிறார். அதனால், இத்துறையில் இருப்பவர்கள் கசப்பான உண்மையானாலும் மறைக்காமல் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.